நாளமில்லாச் சுரப்பிகளை ஆய்ந்த நல்லாசிரியர் பெர்னார்டோ உசாய்

மனித உடலுக்குள் ஆரவாரமில்லாத ஓர் ஆட்சி நடைபெறுகிறது. குழந்தை வளர்வதும், அவ்வளர்ச்சி ஓரளவில் நின்றுவிடுவதும், பூப்பும், தாய்மையும், உண்ட உணவு ஆற்றலாக மாறுவதும், குருதியில் சர்க்கரை மிகாமலும் குறையாமலும் இருப்பதும் அவ்வாட்சியின் செயல்களாகும். வியர்வைக்கும் உமிழ்நீருக்கும் வெளிவரக் குழாய்கள் உண்டு. இவ்வாட்சியை நடத்தும் சுரப்பிகளுக்கோ அத்தகைய குழாய்கள் இல்லை. அவை தம் சாற்றை நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. ஆகவே அவற்றிற்கு நாளமில்லாச் சுரப்பிகள் என்பது பெயர். அவற்றுள் ஒன்று மூளையின் அடியில், மண்டையோட்டின் சிறு குழி ஒன்றில், ஒரு பட்டாணி அளவில் தொங்குகிறது. எடை ஏறத்தாழ அரை கிராம். பிட்யூட்டரி எனப்படும் அச்சிறு சுரப்பியை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அர்ஜென்டினா நாட்டுப் பேராசிரியர் பெர்னார்டோ ஆல்பர்ட்டோ உசாய்.

தமிழில் உசாவுதல் என்றால் வினவி அறிதல் என்று பொருள். அயல்நாட்டுப் பெயரொன்று நம் சொல்லோடு ஒலியளவில் ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும், இயற்கையை உசாவி உசாவியே வாழ்ந்த ஒருவர்க்கு இப்பெயர் அமைந்தது பொருத்தமாகவே தோன்றுகிறது. அறிவியலுக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற இலத்தீன் அமெரிக்கர் அவரே. ஆனால் அப்பரிசினும் பெரிது, அதைப் பெறுவதற்கு முன்னும் பின்னும் அவர் தம் நாட்டிற்குச் செய்த கல்விப்பணி.

பிறப்பும் கல்வியும்

உசாய் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் புவெனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் உசாய் ஒரு வழக்குரைஞர், தாயார் கிளாரா. பிரான்சு நாட்டினின்று குடிபெயர்ந்து வந்த குடும்பம் அது. எட்டு மக்களுள் ஒருவர் பெர்னார்டோ. கோதுமையும் மாட்டிறைச்சியும் ஏற்றுமதி செய்து அர்ஜென்டினா செல்வம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். நகரில் மாளிகைகள் எழுந்தன. நாடக அரங்குகள் எழுந்தன. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் நின்று புதியது காணும் மரபு மட்டும் அங்கு இன்னும் வேர்கொள்ளவில்லை.

சிறுவன் உசாயின் அறிவு வேகம் வியப்பிற்குரியது. தனியார் பள்ளியொன்றில் பயின்ற அவர், பதினான்காம் வயதிலேயே புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளியிற் சேர்ந்தார். 1904இல், பதினேழு வயதில், பட்டம் பெற்று வெளிவந்தார். அதற்கு முன்னரே மருத்துவப் படிப்பையும் தொடங்கிவிட்டார். 1907இல், அப்படிப்பு முடிவதற்குள்ளாகவே, உடலியங்கியல் துறையில் ஒரு பணியில் அமர்ந்தார். பிட்யூட்டரி ஆய்வு அங்கேதான் தொடங்கிற்று.

ஆய்வு செய்வது எப்படி என்று கற்பிக்க அந்நாளில் அவருக்கு அருகில் ஆசான் எவரும் அமையவில்லை. பிரான்சு நாட்டு உடலியங்கியல் மேதை கிளாடு பெர்னார்டின் நூல்களே அவர்க்கு ஆசான். ஸ்பானிய மொழி பேசும் நாடொன்றில் இருந்துகொண்டே உலகம் மதிக்கும் அறிவியலைப் படைத்துக்காட்டிய ரமோன் இ கஹால் அவர்க்கு முன்மாதிரி. கட்டைவிரலை இழந்த ஏகலைவனின் துயரம் இவருக்கு இல்லை. ஆனால் தொலைவில் இருந்த குருவை வைத்து வித்தை பயின்ற ஏகலைவ நெறி இவருடையதும் ஆகும்.

இரு தொழில்களுக்கு இடையே ஒரு தேர்வு

1910இல், இருபத்து மூன்று வயதில், கால்நடை மருத்துவப் பள்ளியின் உடலியங்கியல் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, பிட்யூட்டரி பற்றிய ஆய்வேட்டிற்காக மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வேடு பல்கலைக்கழகப் பரிசையும் பெற்றது. 1913இல் ஆல்வியர் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். 1915 முதல் 1919 வரை நாட்டின் பொதுநலத் துறையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். பாம்பு, சிலந்தி முதலியவற்றின் நஞ்சையும் அதற்கான முறிவு மருந்தையும் பற்றியும் ஆராய்ந்தார்.

இவ்வாறு மருத்துவமனை, வகுப்பறை, ஆய்வுக்கூடம் என மூன்றிடங்களில் உழைத்த அவர் 1919இல் ஒரு தேர்வைச் செய்யவேண்டியிருந்தது. பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அவர்க்கு உடலியங்கியல் பேராசிரியர் பதவியை அளித்தது. அந்நாளைய வழக்கம் என்னவெனில், பேராசிரியர் என்பவர் நகரில் பெயர்பெற்ற மருத்துவராக இருப்பார். தம் நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டுவார். நாளில் சிறிது நேரம் பல்கலைக்கழகத்திற்கு வந்து விரிவுரை ஆற்றிச் செல்வார். பேராசிரியர் என்னும் பெயர் அவர்தம் மருத்துவத் தொழிலுக்கு ஓர் அணிகலன். உசாய் அவ்வழக்கத்தை ஏற்கவில்லை. தனி மருத்துவத் தொழிலை அறவே விட்டார். கற்பித்தலும் ஆராய்தலுமே முழுநேரப் பணி என வரையறுத்துக்கொண்டார்.

இன்று முழுநேரப் பேராசிரியர் என்பது எளிய சொல். அன்று அர்ஜென்டினாவில் அது புதுமை. வருவாயை விட்டு வறிய ஊதியத்தை மேற்கொள்ளும் அம்முடிவே அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் வித்தாயிற்று. 1920இல் வேதியியல் பயின்ற மரியா ஆஞ்செலிகா கத்தான் அம்மையாரை மணந்தார். அவர்களுடைய புதல்வர் மூவரும் பின்னாளில் மருத்துவர் ஆயினர்.

ஆசிரியப் பணி

உசாய் மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். அதுவரை அப்பாடம் பெரும்பாலும் செவிவழிப் பாடமாகவே இருந்தது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுவர். எழுதியதை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பர். நெஞ்சு துடிக்கும் முறையைப் படத்திற் கண்டவர்கள், துடிக்கும் நெஞ்சினைக் கண்டதில்லை. உசாய் மாணவரை மேசையருகே நிறுத்தினார். தாமே செய்து, தாமே அளந்து, தாமே வரைபடம் இட்டுப் பார்க்கச் செய்தார். பிறர் கண்ட உண்மையைக் கேட்டறிவது கல்வியின் பாதி. உண்மை எவ்வாறு காணப்படுகிறது என்பதை உணர்வதே மறுபாதி என்பது அவருடைய கல்விக்கொள்கையாக விளங்கிற்று.

காலந்தவறாமையில் அவர் மிகக் கண்டிப்பானவர். தம்மிடம் சேரும் ஆய்வாளரும் முழுநேரமும் ஆய்விற்கே தம்மை ஒப்படைக்க வேண்டும் என எதிர்பார்த்தார். நூலகத்தை வளர்த்தார், அயல்நாட்டு ஆய்விதழ்களைத் தொடர்ந்து வருவித்தார். 1920இல் அர்ஜென்டினா உயிரியல் கழகம் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. இளைஞர் செய்த ஆய்வு சிறிதாயினும் அதனை அவையில் படித்து, வினாக்களுக்கு விடையிறுத்து, பின் அச்சிலேற்றும் பழக்கம் அக்கழகத்தால் நிலைபெற்றது. இலக்கிய வட்டங்கள் இளங்கவிஞர்க்குச் செய்வதையே அக்கழகம் இளம் ஆய்வாளர்க்குச் செய்தது எனலாம்.

1930களில் அர்ஜென்டினா அறிவியல் முன்னேற்றக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் உசாயே. திறமுள்ள இளைஞர்க்கு உதவித்தொகை அளித்து அயல்நாடுகளில் பயிலச் செய்வது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. போனவர்கள் திரும்பி வரவேண்டும். வந்தவர்க்கு ஆய்வுக்கூடமும் முழுநேர ஊதியமும் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகவே அவர் எண்ணினார். அவர்தம் மாணவருள் ஹுவான் லூயிஸ் ரொசாரியோ நகரிலும், ஆஸ்கார் ஓரியாஸ் கொர்தோபா நகரிலும் உடலியங்கியல் துறைகளை வளர்த்தனர். ஒரு விளக்கில் ஏற்றிய சுடர் பல விளக்குகளில் நின்று எரியத் தொடங்கிற்று.

கணையமும் பிட்யூட்டரியும்

உசாயின் புகழுக்குக் காரணமான கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள, நீரிழிவு நோய் பற்றி முன்னிருந்த அறிவைச் சிறிது அறிதல் வேண்டும். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்குக் கடும் நீரிழிவு உண்டாயிற்று. ஆகவே, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று கணையத்தில் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. அதுவே இன்சுலின். 1921, 1922ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் அவர்தம் துணைவரும் அதனைப் பிரித்தெடுத்து நோயாளிகளுக்குச் செலுத்தினர். சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் பிழைத்தனர். நீரிழிவின் கதை அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். கணையம் குறைபட்டால் நோய். இன்சுலின் தந்தால் மருந்து. இவ்வளவே கணக்கு.

இக்கணக்கில் விடுபட்டிருந்த ஒரு தொகையைக் கண்டவர் உசாய். பிட்யூட்டரியை அகற்றிய நாய்களுக்கு இன்சுலினைச் செலுத்தியபோது அவை அதனைத் தாங்கவில்லை. இயல்பான நாய்க்குத் தீங்கு செய்யாத சிறிதளவு இன்சுலினே அவற்றின் குருதிச் சர்க்கரையை ஆபத்தான அளவிற்குத் தாழ்த்திவிட்டது. 1920களின் நடுவில் கண்ட இவ்வுண்மை அவரை மேலும் சிந்திக்கச் செய்தது. இன்சுலினை எதிர்த்து நிற்கும் ஏதோ ஒரு பொருள் பிட்யூட்டரியிலிருந்து வருதல் வேண்டும். சுரப்பி போனதும் அவ்வெதிர்ப்பும் போய்விட்டது. அப்படியானால், கணையமும் இல்லாமல் பிட்யூட்டரியும் இல்லாமல் ஓர் உயிர் இருந்தால் என்ன நிகழும்?

இவ்வினாவிற்கு விடை காண அவர்க்கு உதவிய உயிர் தேரை. பெரும் பொருட்செலவு செய்து கருவிகள் வாங்க இயலாத நாட்டில், மழைக்காலத்தில் எங்கும் காணக்கிடைக்கும் தேரையே அவருடைய செல்வமாயிற்று. கணையத்தை அகற்றிய தேரைக்கு நீரிழிவு வந்தது. பிட்யூட்டரியின் முன்மடலையும் உடன் அகற்றிய தேரைக்கு நோயின் கடுமை தணிந்தது. அம்முன்மடலை மீண்டும் உடலிற் பொருத்தியபோது நோய் திரும்பவும் கடுமையாயிற்று. பின்னர் அல்ஃபிரெதோ பியாசோத்தி என்னும் துணைவருடன் நாய்களிலும் இதனைச் செய்து பார்த்தார். 1930 அளவில் முடிவு உறுதியாயிற்று. கணையம் மட்டும் இழந்த நாய் விரைவில் மெலிந்து மடிய, இரண்டும் இழந்த நாய் நோய் தணிந்து நெடுநாள் உயிர் வாழ்ந்தது. மருத்துவ நூல்கள் அத்தகைய நாயை இன்றும் உசாய் நாய் என்றே குறிக்கின்றன. மறுதலையாக, முன்மடலின் சாற்றை நலமான நாய்க்குத் தொடர்ந்து செலுத்தியபோது அதற்கு நீரிழிவே உண்டாயிற்று.

இதனால் பெறப்பட்டது யாது? உடலில் சர்க்கரையின் அளவு ஒரு சுரப்பியின் ஆணையால் அமைவதன்று. தாழ்த்தும் கை ஒன்றும் உயர்த்தும் கை ஒன்றும் எதிரெதிரே இழுத்து நிறுத்தும் சமநிலை அது. ஒரு தட்டு வெறுமையானால் மறுதட்டு தாழும்; இரு தட்டிலும் எடையை எடுத்துவிட்டால் துலாக்கோல் ஓரளவு மீண்டும் நிமிரும். பிட்யூட்டரியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோனும், அதன் தூண்டுதலால் சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோனும் இன்சுலினுக்கு எதிராகச் செயற்படுகின்றன என்பது பின்னர் விளக்கமாயிற்று. 1950களில் நீரிழிவால் கண்ணொளி இழந்துவந்த சிலர்க்குப் பிட்யூட்டரியை அகற்றும் அறுவையும் செய்யப்பட்டது. பிற்காலத்தில் லேசர் சிகிச்சை வந்தபின் அம்முறை கைவிடப்பட்டது. சிகிச்சை மாறினும், சுரப்பிகள் தனித்தனி அரசுகள் அல்ல, ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஒரே அரசு என்னும் கொள்கை நிலைத்துவிட்டது.

மாணவர் கண்ட வெற்றி

நல்லாசிரியர் ஒருவரின் பெருமை, அவர் பெயர் இல்லாத ஏட்டிலும் அவர் பயிற்சி தெரிவதில் உள்ளது. உசாயின் நிறுவனத்தில் 1930களில் குருதியழுத்தம் பற்றிய ஆய்வும் தொடங்கிற்று. குருதி ஓட்டம் குறைக்கப்பட்ட சிறுநீரகத்தை வேறொரு நாயின் கழுத்தில் பொருத்தியபோது அந்நாயின் குருதியழுத்தம் உயர்ந்ததை உசாயும் ஃபாசியோலோவும் காட்டினர். அழுத்தத்தை உயர்த்தும் பொருள் ஏதோ சிறுநீரகத்திலிருந்து குருதியில் கலக்கிறது என்பது இதன் பொருள். அப்பொருளைத் தேடும் வேலையை ஆசிரியர் தம் இளைஞரிடம் விட்டார். பிரவுன் மெனந்தெஸ், ஃபாசியோலோ, லெலுவார், முஞோஸ், தக்கினி ஆகிய ஐவர் 1939இல் அதனைக் கண்டனர். அதே காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் வேறொரு குழு தனியே அதனைக் கண்டது. இரு குழுவும் இட்ட பெயர்களை இணைத்து 1958இல் ஆஞ்சியோடென்சின் என்னும் பொதுப்பெயர் சூட்டப்பட்டது. உயர் குருதியழுத்தத்திற்கு இன்று உலகெங்கும் வழங்கப்படும் மருந்துகளுள் பல அப்பொருளின் செயலைத் தடுப்பனவேயாகும்.

ஒரு கையெழுத்தின் விலை

1943ஆம் ஆண்டு உசாயின் வாழ்வில் புகழும் இடரும் ஒருங்கே வந்த ஆண்டு. இலண்டன் இராயல் கழகம் அவ்வாண்டு அவரைத் தன் அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அர்ஜென்டினாவில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை. அக்டோபர் மாதத்தில் நாட்டின் அறிஞர், பேராசிரியர், வழக்குரைஞர் எனச் சான்றோர் பலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். உண்மையான மக்களாட்சி மீள வேண்டும், அமெரிக்கக் கண்டத்து நாடுகளோடு ஒருமைப்பாடு வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். கையெழுத்திட்டவருள் உசாயும் ஒருவர்.

அரசு காலந்தாழ்த்தவில்லை. கையெழுத்திட்டவருள் அரசுப் பணியில் இருந்தோர் அனைவரையும் நீக்கிற்று. இருபத்து நான்கு ஆண்டுகள் கல்லும் மண்ணுமாக அன்றி, மனிதர்களைக் கொண்டு கட்டிய நிறுவனத்திலிருந்து உசாய் வெளியேற வேண்டியவரானார். ஆசிரியர்க்கு நேர்ந்ததைக் கண்டு துணைவர் பலரும் தாமே பதவி துறந்தனர். அவர்களுள் சிலர்க்கு வேறு வருவாய் இல்லை என்பதை எண்ணும்போது அத்துறவின் அருமை விளங்கும்.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல உசாயை அழைத்தன. ஐம்பத்தாறு வயது, உலகப் புகழ், நீரிழிவு ஆய்வின் உச்சநிலை. சென்றிருந்தால் பொருளும் கருவியும் அமைதியும் கிடைத்திருக்கும். எவரும் குறை கூறியிருக்கவும் மாட்டார். அவர் செல்லவில்லை. உலகத்திற்குப் பொதுவான அறிவியலைச் செய்பவர்க்கும் கடமைப்பட்ட மண் என ஒன்று உண்டு என்பது அவர் கருத்து. தாம் போனால் தம் பின்னே மாணவரும் போவர். முப்பது ஆண்டு முயற்சி ஒரு தலைமுறையோடு அற்றுப்போகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

ஒரு வீட்டில் ஓர் ஆய்வகம்

1944 மார்ச்சில், புவெனஸ் அயர்ஸ் நகரின் கோஸ்டா ரிக்கா தெருவில், ஒரு வீட்டில், உயிரியல் மற்றும் செய்முறை மருத்துவ நிறுவனம் தொடங்கப்பட்டது. சவுபெரான் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை முதலிய பிற அமைப்புகளும் துணைநின்றன. லூயிஸ், ஓரியாஸ், பிரவுன் மெனந்தெஸ், ஃபோக்லியா ஆகியோர் ஆசிரியரோடு நின்றனர். மனிதர் குடியிருந்த அறைகள் ஆய்வறைகளாயின. அரசு கட்டடமும் பதவியும் பறிக்கலாம். ஆய்வு செய்யும் பழக்கத்தைப் பறிக்க இயலாது என்பதற்கு அவ்வீடே சான்றாயிற்று.

1945இல் அரசு பணிந்து அவரை மீண்டும் பல்கலைக்கழகத்தில் அமர்த்திற்று. ஆனால் 1946இல், பெரோன் ஆட்சிப்பொறுப்பேற்ற ஆண்டில், ஓய்வு என்னும் பெயரால் மீண்டும் வெளியேற்றிற்று. உசாய் மீண்டும் அவ்வீட்டிற்கே வந்தார்.

ஆசிரியர் நீக்கப்பட்டபின் அயல்நாடு சென்றவருள் லூயிஸ் ஃபெதரிக்கோ லெலுவாரும் ஒருவர். அட்ரினல் சுரப்பிக்கும் சர்க்கரை மாற்றத்திற்கும் உள்ள உறவு பற்றி உசாயிடம் ஆய்வேடு எழுதியவர் அவர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலும் நியூயார்க்கிலும் பணியாற்றியபின், திரும்பி வரவேண்டும் என்னும் ஆசிரியரின் நெறிக்கேற்பத் தாயகம் திரும்பினார். 1947இல் நெசவாலை அதிபர் ஹைமே காம்போமார் அளித்த பொருளைக்கொண்டு உயிர்வேதியியல் நிறுவனம் ஒன்று அமைந்தபோது அதன் தலைமையை லெலுவார் ஏற்றார். அவ்வாய்வகமும் உசாயின் வீட்டை அடுத்த சிறு வீடொன்றில்தான் இயங்கிற்று.

பரிசும் பழியும்

1947ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூவர்க்கு அளிக்கப்பட்டது. பாதி, கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் இணையர்க்கு. மருத்துவ நோபல் பெற்ற முதற்பெண்மணி கெர்ட்டி கோரி. மறுபாதி, சர்க்கரை மாற்றத்தில் பிட்யூட்டரி முன்மடலின் பங்கைக் கண்டமைக்காக உசாய்க்கு. தென்னமெரிக்கக் கண்டத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அறிவியலில் உலகத்தின் தலைவரிசைக்கு வந்தது அதுவே முதன்முறை.

ஆயினும் அவர் நாட்டில் அனைவரும் அதனைக் கொண்டாடவில்லை. ஆட்சியைச் சார்ந்த இதழ்கள், அரசுக்கு எதிராக நின்றவரைப் பெருமைப்படுத்தும் அரசியல் நோக்கமே இப்பரிசு எனப் பழித்தன. சொந்தப் பல்கலைக்கழகத்தில் கால்வைக்க இயலாத பேராசிரியர் ஸ்டாக்ஹோமில் தம் நோபல் உரையை ஆற்றினார். அவ்வுரை முழுவதும் பிட்யூட்டரியும் நீரிழிவும் பற்றியதே.

தாய்மொழியில் ஒரு பாடநூல்

பதவியிழந்திருந்த அவ்விருண்ட ஆண்டுகளிலேயே உசாய் மற்றொரு பெரும்பணியையும் நிறைவேற்றினார். மனித உடலியங்கியல் என்னும் பொருளுடைய பாடநூலைத் தம் மாணவரும் துணைவருமான ஆய்வாளருடன் இணைந்து ஸ்பானிய மொழியில் எழுதினார். 1940களின் நடுவில் அது வெளிவந்தது. அதுவரை ஸ்பானிய மொழி மாணவர், பிரெஞ்சு முதலிய அயல்மொழிகளில் இருந்து வந்த நூல்களையே பெரிதும் நம்பியிருந்தனர். அயலார் கண்ட உண்மைகளை மொழிபெயர்த்துத் தருவதோடு அமையாமல், தம் நாட்டு ஆய்வகத்தில் தாமே கண்ட உண்மைகளையும் சேர்த்து எழுதிய நூல் இது. எழுதியவர் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் ஆய்வு செய்தவர்.

இதன் விளைவு எண்ணத்தக்கது. 1951இல் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அறிவு எப்போதும் வடக்கிலிருந்து தெற்கே வரும் என்னும் வழக்கம் ஒருமுறை திசை மாறிற்று. தாய்மொழியில் அறிவியல் இயலுமா என்னும் வினாவிற்குக் கலைச்சொல் ஆக்கம் மட்டுமே விடையாகாது. அம்மொழி பேசுவோர் ஆய்வுக்கூடத்தில் புதியது காணும்போது, சொல்லும் நூலும் தாமே பின்வரும். முதலில் ஆய்வு, அதன் பயனாக நூல் என்னும் வரிசையை உசாய் செய்துகாட்டினார்.

மீண்டும் பொறுப்புகள்

1955இல் பெரோன் ஆட்சி வீழ்ந்தது. அதுவும் படைவலியாலேயே நிகழ்ந்தது. புதிய அரசு உசாயை மீண்டும் பல்கலைக்கழகத்தில் அமர்த்திற்று. 1958 பிப்ரவரியில் நாட்டின் அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, அதன் தலைமை எழுபது வயதைக் கடந்த அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1919இல் தமக்கெனத் தேர்ந்துகொண்ட முழுநேர ஆய்வு என்னும் நெறியை நாடு முழுமைக்கும் உரியதாக்க அவர்க்கு அப்போதுதான் வாய்ப்புக் கிட்டிற்று. ஆய்வாளர் என்பது ஒரு நிலையான பணியாயிற்று. உதவித்தொகைகள், ஆய்வு மானியங்கள், அயல்நாடு சென்றவர் திரும்புவதற்கான வழிகள் ஆகியன ஏற்பட்டன.

அக்காலத்தில் அவர் மீது குறைகளும் கூறப்பட்டன. உயிரியல், மருத்துவத் துறைகளுக்கே குழு மிகுதியும் துணைநிற்கிறது என்பது ஒன்று. ஆட்சிகள் மாறினும், படையாட்சி வந்தபோதும், அவர் தலைமையில் நீடித்தது மற்றொன்று. 1966 ஜூலையில் காவற்படை புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்துள் புகுந்து பேராசிரியரையும் மாணவரையும் தடியால் அடித்தது. நூற்றுக்கணக்கான பேராசிரியர் பதவி துறந்தனர். பலர் நாட்டைவிட்டே சென்றனர். அறிஞரைத் தாய்மண்ணில் நிறுத்துவதற்கே வாழ்ந்த முதியவர் தம் கண்ணெதிரே அவர்கள் வெளியேறுவதைக் காண நேர்ந்தது. ஒரு கையெழுத்திற்காக 1943இல் பதவியிழந்தவர் 1966இலும் பதவியில் தொடரலாமா என்னும் வினாவை அவர் வரலாறு படிப்போர் எழுப்பாமல் இரார். அரசுகள் வந்துபோகும், நிறுவனம் அறுந்தால் மீண்டும் முளைக்க ஒரு தலைமுறை ஆகும் என்பதே அவர் வாழ்க்கை தரும் விடை. அவ்விடை போதுமா என்பதை அவரவர் உள்ளமே துணிதல் வேண்டும்.

சொந்த வாழ்விலும் இழப்புகள் வந்தன. தம் மாணவருள் ஒளிமிக்கவராகிய பிரவுன் மெனந்தெஸ் 1959இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். துணைவியார் மரியா ஆஞ்செலிகா 1962இல் காலமானார். உசாய் தம் பணியை நிறுத்தவில்லை. அறிவியல் கட்டுரைகளாக மட்டும் ஐந்நூறுக்கு மேல் எழுதியிருந்த கை எழுதிக்கொண்டேயிருந்தது.

நிறைவு

1970ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு லெலுவார்க்கு அளிக்கப்பட்டது. உடல் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வேதிவழியைக் கண்டமைக்காக வந்த பரிசு அது. ஆசிரியர் தொடங்கிய வினாவின் மறுபகுதிக்கு மாணவர் விடை கண்டிருந்தார். அதுவும் புவெனஸ் அயர்ஸிலேயே கண்டிருந்தார். எண்பத்து மூன்று வயதில் உசாய் அச்செய்தியைக் கேட்கும் பேறு பெற்றார். தம் பரிசினும் இது அவர்க்கு இனித்திருத்தல் இயல்பே. ஒருவரின் வெற்றி தற்செயலாக இருக்கலாம், மாணவரின் வெற்றி மரபு பிறந்துவிட்டமைக்குச் சான்றாகும்.

1971 செப்டம்பர் 21ஆம் நாள் உசாய் மறைந்தார். அர்ஜென்டினாவில் அந்நாள் இளவேனிலின் தொடக்கம். மாணவர் நாளாகவும் கொண்டாடப்படுவது. அவர் பிறந்த ஏப்ரல் 10ஐ அந்நாடு அறிவியல் ஆய்வாளர் நாளாகப் போற்றுகிறது. ஆய்வாளர்க்குரிய நாளில் தொடங்கி மாணவர்க்குரிய நாளில் அவர் வாழ்வு நிறைவுற்றது. கோஸ்டா ரிக்கா தெரு வீட்டில் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் வேறிடத்திற்குப் பெயர்ந்து வளர்ந்தது. அவர் தலைமையேற்ற ஆய்வுக் குழு அவர்க்குப் பின்னும் தொடர்ந்து பணியாற்றிற்று.

பட்டாணி அளவுச் சுரப்பி ஒன்று உடல் முழுவதின் சமநிலையையும் காப்பதைக் கண்டவர் உசாய். ஆசிரியர் ஒருவரும் சில மாணவரும் கூடிய சிறு கூட்டமும் நாடொன்றின் அறிவுலகில் அவ்வாறே செயற்பட இயலும் என்பதை அவர் வாழ்க்கை மெய்ப்பித்தது.